நெற்றியில் பொட்டு வைத்த மான்

1

நாளை மாட்டுப் பொங்கல். ஊரில் இருக்கும் தோழிகள் போனில் கேட்கிறார்கள், "அங்க மாட்டுக்கு எங்கட்டி போவ?" என்று. கேலியாகக் கேட்கும் கேள்விதான். போன வருடம் என்றால் நானும் கேலியாகவே பதில் சொல்லியிருப்பேன். இப்போது அதற்குப் பதிலை எழுதித்தான் சொல்ல முடியும் போலிருக்கிறது.

நான் வேலை பார்ப்பது துபாய் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில், மதில் போட்ட ஒரு வில்லாக் குடியிருப்பில். இங்கே அதைக் காம்பவுண்டு என்பார்கள். அதன் நிர்வாக ஆபீஸில் முன் மேசை என்னுடையது. ஏசி ஓடவில்லை, தண்ணீர் சுடுகிறது, பக்கத்து வீட்டுப் பூனை என் காரின் மேல் படுக்கிறது என்று எந்தப் புகாரும் முதலில் என்னிடம்தான் வரும். ஆங்கிலத்தில் வரும், ஆங்கிலத்தில் பதில் எழுதுவேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமும் இல்லை, பொய்யான அடக்கமும் இல்லை. காலையில் நாங்கள் குடியிருக்கும் அஜ்மானிலிருந்து கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு வந்தாலும், அந்த நாற்காலியில் ஒருநாளும் சாய்ந்து உட்கார்ந்ததில்லை.

அந்தக் காம்பவுண்டில் மான்கள் இருந்தன. வில்லாக்களை விற்ற கம்பெனி, விளம்பரப் படத்தில் நன்றாக இருக்கும் என்று லாரியில் கொண்டுவந்து விட்டதாம். மணல் நிறம், வெள்ளை வயிறு, வெள்ளாட்டைவிடக் கொஞ்சம் மெலிவு. படம் எடுத்தாகிவிட்டது, வீடுகள் விற்றாகிவிட்டது. மான்கள் மட்டும் பெருகிக்கொண்டிருந்தன.

2

மானை என்ன செய்யலாம் என்று குடியிருப்பவர்களிடம் கருத்துக் கேட்கச் சொன்னார் எங்கள் மேனேஜர். தென்னாப்பிரிக்காக்காரர். கெட்டவர் இல்லை, எதையும் வேகமாக முடித்துவிட நினைப்பவர். வந்த பதில்களை எல்லாம் தொகுத்தது நான்தான்.

ஒரு வெள்ளைக்கார அம்மா, "நாம் வருவதற்கு முன்பே இது அவற்றின் இடம்" என்று எழுதியிருந்தார். அவை லாரியில் வந்தவை என்று அவருக்கு யார் சொல்வது? புதுக் காரில் மான் மோதிப் பள்ளம் விழுந்த ஒருவர், உடனே பாலைவனத்துக்கு விரட்டச் சொன்னார். இன்னொருவர், தன் நாட்டில் இப்படிப் பெருகினால் சுட்டுச் சமைப்போம், அதில் என்ன தப்பு என்று கேட்டிருந்தார். சுட்டால் வீட்டைக் காலி செய்வேன் என்று அவருடைய அடுத்த வீட்டுப் பெண்மணி. காம்பவுண்டில் ஒரு வீடு வைத்திருந்த உள்ளூர் அரபி மட்டும், "யாரும் கையால் தீனி கொடுக்க வேண்டாம் என்று போர்டு வையுங்கள்" என்று ஒரே வரி எழுதினார். அரபியிலும் ஆங்கிலத்திலும் போர்டு வைத்தோம்.

தோட்டக்காரர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. மான் கடித்த செடியை மறுபடி நடுவது அவர்கள்தான். தோட்ட வேலைக்கு ஆள் வைத்திருந்த வீடுகளிலிருந்துதான் மான் மேல் அதிகப் பாசம் வந்தது என்பதை நான் கவனித்தேன். தொகுப்பில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை.

தோட்டக்காரர்களில் முத்தையா அண்ணன் நம்மவர். சிவகங்கைப் பக்கம். ஐம்பதை நெருங்கும் வயது. காலையில் என் பஸ் வந்து நிற்கும்போது அவர் பூப்பாத்திக்குப் பக்கத்தில் குத்த வைத்திருப்பார்.

"என்னண்ணே, இன்னைக்கும் வந்துச்சா?"

"வந்துச்சாவா? பந்தி போட்ட மாதிரி வரிசையா உக்காந்து தின்னுட்டுப் போயிருக்கு தாயி. மொய்தான் எழுதல."

ஃபோர்மேன் ஒரு பாகிஸ்தான் பட்டாணியர். பூ இல்லையென்றால் அவர் முத்தையா அண்ணனைத்தான் சத்தம் போடுவார். ஒருநாள் எரிச்சலில் முத்தையா அண்ணன் இந்தியில், "ஜெஹர் தேதோ பாய், காம் கதம்" என்றார். விஷத்தை வையுங்கள், வேலை முடிந்தது. நம் ஊரில் கோழிக்கும் ஆட்டுக்கும் பெற்ற பிள்ளைக்கும் நாம் சொல்லாத வார்த்தையா? ஃபோர்மேனும் சிரித்தார். அப்படித் திட்டிவிட்டு, ஒரு குட்டி மான் குடிக்க வசதியாக ஹோஸ் பைப்பைத் தாழ்த்திப் பிடித்தார் முத்தையா அண்ணன். அதையும் நான் பார்த்தேன்.

3

மான் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு கிணறு.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில், மான் காட்டை ஒட்டி இருக்கிறது. உளுந்து பூக்கும்போது மான்கள் இறங்கும், விரட்டுவோம். ஒரு பங்குனி மாதம் எங்கள் வயலில் இருந்த வற்றிய கிணற்றில் ஒரு மான் விழுந்துவிட்டது. அப்பா கயிறு கட்டி இறங்கி, தோளில் போட்டு மேலே கொண்டுவந்தார். வரப்பில் கிடத்தி, துண்டை நனைத்து அதன் வாயில் பிழிந்தார். கொஞ்ச நேரத்தில் செத்துப்போனது. யாரோ சொல்லி, விசாரிக்க வனத்துறை ஆட்கள் வந்தார்கள். கிணற்றில் விழுந்து கிடந்ததாக எழுதியிருக்கிறோம், கைநாட்டு வை என்றார்கள். அப்பா வைத்தார்.

சில மாதம் கழித்துக் கோர்ட்டிலிருந்து காகிதம் வந்தது. ஏழாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான்தான் வாசித்தேன். கறிக்காகக் கண்ணி வைத்து மானைப் பிடித்ததை என் அப்பா ஒப்புக்கொண்டதாக அதில் இருந்தது. இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். எதையோ கணக்குப் போடுவதுபோல யோசித்துவிட்டு,

"கைநாட்டு வச்ச அன்னைக்கு நீ பள்ளிக்கூடத்துல இருந்த" என்றார்.

குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு நான் எந்தக் காகிதத்தை எடுத்தாலும் அந்தக் குரல் முதலில் கேட்கும். வழக்கு நான் கல்லூரி சேர்ந்த பிறகு சாட்சி இல்லாமல் முடிந்தது. ஊரில் சில பேர் அவரை இன்னும் 'மான்காரர்' என்றுதான் சொல்கிறார்கள். கோபத்தில் அல்ல, அடையாளத்துக்கு.

4

போன வருடம் மாட்டுப் பொங்கல் வெள்ளிக்கிழமையில் வந்தது. இங்கே அது விடுமுறை நாள். காம்பவுண்டில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் கல்யாணி மேடம் வீட்டுப் பின்புறத்தில் கூடுவதாக ஏற்பாடு. கோயம்புத்தூர்க்காரர், கணவர் இன்ஜினியர். ஆபீஸுக்கு வந்து என்னையும் கூப்பிட்டார்.

"பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க செல்வி. அப்புறம் அன்னிக்கு மேடம் கீடம்னு கூப்பிட்டா பொங்கல் கிடையாதுங்க, சொல்லிட்டேன். அக்கான்னு கூப்பிடுங்க."

வில்லாவுக்குள் புகார் கேட்கப் போயிருக்கிறேன். விருந்துக்குப் போனதில்லை. எனக்குப் பெருமையாகவே இருந்தது. என் மகள் யாழினிக்கு அப்போது ஆறு வயது. பட்டுப் பாவாடை கட்டிவிட்டுக் கூட்டிப்போனேன்.

புல்தரையில் கேஸ் அடுப்பு வைத்துப் பொங்கினார்கள். கராமா கடைத்தெருவில் வாங்கிய கரும்பு, மஞ்சள் கொத்து எல்லாம் இருந்தது. பிள்ளைகள் தட்டைத் தட்டி ஆங்கில உச்சரிப்பில் பொங்கலோ பொங்கல் சொன்னார்கள். அப்போது ஒரு பையன் கேட்டான், "வேர் இஸ் த மாடு?"

எல்லோரும் சிரித்தோம். மதிலை ஒட்டி நாலைந்து மான்கள் வழக்கம்போல வந்து நின்றிருந்தன.

"மாடு இல்லாட்டிப் போகுதுங்க. அதுவும் புல்லுத் தின்ற சீவன்தானே" என்றார் கல்யாணி அக்கா.

யாரோ ஒருவருடைய கணவர், "தீனி போடக்கூடாதுன்னு போர்டு இருக்கேம்மா" என்றார்.

"அது பிரட்டு, சிப்ஸுக்குங்க. இது பிரசாதம்."

அதற்கும் சிரித்தோம். நானும்தான். போர்டு வாசகத்தை டைப் செய்தவள் நான். ஆனாலும் பிரசாதம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அந்த ஆங்கில வாசகம் வேறு யாருக்கோ எழுதப்பட்டதுபோல ஆகிவிட்டது.

வாழையிலையில் சர்க்கரைப் பொங்கலை அள்ளி அள்ளி வைத்தார்கள். பிள்ளைகள் கையால் ஊட்டினார்கள். மான்கள் இலையையும் சேர்த்துத் தின்றன. முத்தையா அண்ணனின் ஹோஸ் தண்ணீருக்குப் பழகிய அந்தக் குட்டி மானும் வந்திருந்தது, மனிதர்களிடம் பயமே இல்லாதது. யாழினி முதலில் என் பின்னால் ஒளிந்தாள். பிறகு அதன் வாயில் ஒரு கை ஊட்டினாள். கல்யாணி அக்கா குங்குமச் சிமிழை நீட்ட, மோதிர விரலால் தொட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, அதன் நெற்றியில் பொட்டு வைத்தாள்.

"மம்மி, லுக்! ஷீ இஸ் லைக் அஸ்!"

தமிழில் சொல் என்றேன். "மான் நம்மள மாதிரி" என்றாள்.

5

சனிக்கிழமை காலை பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே புல்தரையில் கூட்டம். மான்கள் கிடந்தன. வயிறு தவில்போல உப்பியிருந்தது, வாயில் நுரை. நிறையப் பேர் ஜன்னல்களில் நின்று பார்த்தார்கள். அந்தக் குட்டி ஓரமாகக் கால்களை நீட்டிக் கிடந்தது. நெற்றியில் பொட்டு அழியவே இல்லை.

முத்தையா அண்ணன் கையில் ஹோஸ் பைப்பிலிருந்து தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

"பொட்டு வச்சில்ல அனுப்பியிருக்காக தாயி" என்றார் மெதுவாக.

மிருக டாக்டர் வந்து பார்த்தார். வயிற்றில் சோறு இருக்கிறது, பரிசோதனை முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார். மேனேஜருக்கு ஒரு வாரம் இல்லை. மெயிலுக்கு மேல் மெயில். விஷம் வைத்தவன் யார்? எங்கள் குழந்தைகள் ஜன்னல் வழியாகப் பார்த்து அழுகிறார்கள். இன்றைக்கே பதில் வேண்டும்.

மத்தியானத்துக்குள் அவரே பதிலைக் கண்டுபிடித்துவிட்டார். சோறு சாப்பிடுவது யார்? லேபர் கேம்பில் தங்கியிருக்கும் தொழிலாளிகள். விஷம் வைக்கணும் என்று சொன்னது யார்? ஃபோர்மேனிடம் கேட்டார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, சொன்னான், ஆனால் சிரித்துக்கொண்டு சொன்னான் என்றார். முதல் பாதிதான் எடுபட்டது. நெற்றியில் சிவப்பு? எதைக் கொல்வது என்று அடையாளம் வைத்திருக்கிறான்.

என்னை உள்ளே கூப்பிட்டார். முத்தையா அண்ணன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மேசையில் டைப் செய்த ஒரு தாள்.

"இதை அவன் மொழியில் சொல். கையெழுத்துப் போட்டால் போலீஸ் வேண்டாம். விசா கேன்சல், டிக்கெட், கலாஸ், விஷயம் முடிந்தது. அவனுக்கும் அதுதான் நல்லது."

சுருக்கமாகச் சொல்லத்தான் சொன்னார். நான் தாளை எடுத்து முதல் வரியிலிருந்து தமிழில் வாசித்தேன். "பூச்செடிகளை மான்கள் தின்றதால் கோபப்பட்டு, சோற்றில் விஷம் கலந்து நான் வைத்தேன்..." ஏழாம் வகுப்பில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து வாசித்த அதே காகிதம்தான் கையில் இருப்பதுபோலிருந்தது.

முத்தையா அண்ணன் கேட்டு முடித்துவிட்டு, "போலீசு வராதுல்ல தாயி?" என்றார்.

"வராதுங்காங்க."

"அப்பப் போட்டுர்றேன். பேனாவக் குடு."

"அண்ணே, நீங்க வைக்கல."

"வைக்கலைன்னு சொன்னா யாரு வச்சாங்கம்பாக. அதுக்கு என்னத்தச் சொல்றது? வீட்டுக்காரவுகளையா கையக் காட்ட முடியும்? கேட்டா, ஒனக்கெப்படித் தெரியும்பாக. வேணாந்தாயி. ஊருக்குப் போய் மாடு மேச்சுக்கிறேன்."

பொட்டைப் பார்த்த உடனே அவருக்கும் எல்லாம் புரிந்திருக்கிறது. பேனாவுக்குக் கையை நீட்டினார். மேனேஜரும் நிம்மதியாகப் பேனாவை எடுத்தார். இரண்டு பேரும் ஒத்துப்போய்விட்டார்கள். நடுவில் நான் மட்டும் நின்றேன்.

"போடாதீங்க" என்றேன் தமிழில். பிறகு மேனேஜரிடம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னேன். "சார், அது விஷச் சோறு இல்லை. எங்கள் பண்டிகைச் சோறு. அரிசி, வெல்லம், நெய். நேற்று குடியிருப்பவர்கள் கொடுத்தார்கள். நான் அங்கே இருந்தேன்."

"எந்தக் குடியிருப்பவர்கள்?"

வீட்டைச் சொன்னேன்.

"அந்தச் சிவப்பு?"

"அது கும்பிடும்போது வைப்பது. வைத்தது என் மகள். ஊட்டியதும் அவள்தான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என்ன சொல்கிறோம் என்று தெரிந்துதான் சொல்கிறாயா என்பதுபோல. "எழுதித் தருவாயா?" என்றார்.

என் மேசைக்கு வந்து டைப் செய்தேன். எழுதும்போது எங்கள் பெயரைக் கடைசியில் போடலாமா, போடாமலே விடலாமா என்று விரல் நின்றது. மற்றவர்கள் பெயரைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் எங்கள் பெயர் இருக்க வேண்டும் என்று தோன்றியது. யாழினியின் பெயரில் தொடங்கினேன்.

வெளியே முத்தையா அண்ணன் நின்றிருந்தார். "ஒனக்கு எதுக்குத் தாயி இந்தப் பொழப்பு? பச்சப் புள்ள பேரப் போயி..." என்று என்னைத்தான் திட்டினார். வீட்டில் என் கணவரும் அதையேதான் சொன்னார். "ஊர்ல உள்ள பேரெல்லாம் சொல்லு. நம்ம பிள்ள பேர ஏன்டி சொன்ன?"

6

டாக்டரின் முடிவு வந்தது. விஷம் இல்லை. வறண்ட புல்லுக்குப் பழகிய வயிற்றில் சோறும் இனிப்பும் போனால் புளித்து, காற்று நிறைந்து, ஒரே நாளில் உயிர் போய்விடுமாம். அன்பினால் நடப்பதுதான் அதிகம் என்று போனில் சொன்னார். அவர் அதை ஆறுதலாகத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

முத்தையா அண்ணனின் விசா கேன்சல் ஆகவில்லை. ஆனால் குடியிருப்பவர்கள் சங்கடப்படுகிறார்கள் என்று அவரை அல் கூஸில் இருக்கும் கம்பெனியின் செடி நர்சரிக்கு மாற்றினார்கள். குற்றம் இல்லாதவரைப் பார்த்து எதற்குச் சங்கடப்பட வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

கல்யாணி மேடம் ஒருநாள் என் மேசைக்கு வந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க செல்வி."

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க மேடம்?"

மேடம் என்றதைக் கவனித்தார். "நாங்கெல்லாம் சேர்ந்து அவருக்கு ஏதாவது குடுத்து, நல்லபடியா ஊருக்கு அனுப்பி வெச்சிருப்போமுங்க. அவருக்கும் நஷ்டமில்ல. நம்ம பேரும் வந்திருக்காது." கண் கலங்கித்தான் சொன்னார். கெட்ட எண்ணமே இல்லாமல் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுபடியும் கருத்துக் கேட்டோம். இந்தத் தடவை கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே குரல். மான்களை அப்புறப்படுத்துங்கள், குழந்தைகள் மனம் பாதிக்கிறது. வீட்டைக் காலி செய்வேன் என்றவரும் அப்படியே எழுதியிருந்தார். லாரி வந்தது. பிடித்த ஒவ்வொன்றுக்கும் கண்ணைத் துணியால் கட்டி ஏற்றினார்கள். பாலைவனத்தில் வேலி போட்ட பண்ணை ஒன்றுக்குக் கொண்டுபோனதாகச் சொன்னார்கள்.

கோடை வருவதற்குள் புதுப் புகார்கள் தொடங்கிவிட்டன. இடமே வெறிச்சென்று இருக்கிறது, பழைய அழகு இல்லை. முடிவில் ஃபைபரில் செய்த இரண்டு மான் பொம்மைகளைப் பூப்பாத்தி நடுவில் நிறுத்தினார்கள். பூவெல்லாம் இப்போது முழுசாக இருக்கிறது. போன மாதம் ஒரு சாயங்காலம், பஸ் திரும்பும்போது பார்த்தேன். பாத்தியில் மூன்று மான்கள் நின்றன. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்ப்பதற்குள் இரண்டாகிவிட்டன. மறுநாள் காலை ஓரத்தில் ஒரு செடி கடிபட்டிருந்தது. புகார் எழுத வேண்டியது என் வேலை. எழுதவில்லை.

7

அப்பாவிடம் இதை வெகுநாள் சொல்லாமலே இருந்தேன். மான் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சும்மா சொல்வதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை போன் கார்டு போட்டுப் பேசும்போது எப்படியோ வந்துவிட்டது. எல்லாவற்றையும் கேட்டார். செத்த மானைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"ஏட்டி, அந்த ஆளு கைநாட்டு வச்சுட்டானா?"

"இல்லப்பா. வாசிச்சுக் காட்டுனேன். வைக்கல."

கார்டில் நிமிடங்கள் போய்க்கொண்டிருந்தன.

"அப்ப நீ அங்க இருந்திருக்க" என்றார்.

அப்பாவுக்கு நான் செய்தது சரிதான். ஆனால் இங்கே என் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவளுக்கு என்னவென்று எனக்குத் தெரியாமல் இருந்தது. மான்கள் எல்லாம் பாலைவனத்துக்குப் போய்விட்டன என்றுதான் யாழினியிடம் சொல்லி வைத்திருந்தேன். பெரும்பாலான மான்களைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட.

இன்று சாயங்காலம் வெல்லம் தட்டிக்கொண்டிருந்தேன். வெளியே விளையாடிவிட்டு, செருப்பைக் கழற்றாமலே வந்து நின்று கேட்டாள் யாழினி.

"மம்மி, ஆர் வீ கோயிங் டு தட் ஹவுஸ்? என் மான் இருக்குமா?"

இல்லை என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். உட்கார வைத்துச் சொன்னேன். செத்துப்போனதையும், ஏன் செத்தது என்பதையும். அவள் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பட் ஐ டிடின்ட் நோ."

"தெரியும்மா. யாருக்கும் தெரியல."

"டஸ் எனிபடி நோ இட்ஸ் மீ?"

"தெரியும். நான்தான் சொன்னேன்."

"மை நேம்?"

"உன் பேர். முதல்ல உன் பேர்தான்."

ஏன் என்று கேட்டாள். முத்தையா மாமாவைப் பற்றிச் சொன்னேன். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதை, பேனா கேட்டதை. தாத்தாவின் கட்டைவிரலைப் பற்றியும் சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ. என் பக்கத்திலிருந்து எழுந்து எதிர்ச்சுவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். நான் கூப்பிடவில்லை. வெல்லம் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பிறகு அங்கிருந்தே தமிழில் கேட்டாள்.

"நீ எழுதுனியே, அது நம்ம வீட்ல இருக்கா?"

"ஒரு காப்பி இருக்கு."

"எனக்கு வாசிச்சுக் காட்டு."

கையைக் கழுவிவிட்டு, அலமாரியிலிருந்து எடுத்து வந்தேன். ஆங்கிலத்தில் எழுதியதை ஒவ்வொரு வரியாகத் தமிழில், எதையும் விடாமல் அவளுக்கு வாசித்தேன். அவள் பெயரில் தொடங்கினேன்.